துருப்பிடித்த சாமந்தி

அத்தியாயம் 3

வெண்மதி மேடத்தின் வாயில் "சபாஷ்" என்ற வார்த்தை வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவும் என்னைப் பார்த்து வரவில்லை.

மகாலட்சுமி வீட்டில் டீ வரும்வரை நான் நல்ல மனிதனாகத்தான் இருந்தேன். பெயர் பிரசாந்த். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் துப்பறியும் நிலையத்தில் மேடத்துக்கு நான்தான் உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருபவன், எல்லாம். செஞ்சியில் துப்பறிய என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. கோட்டை பார்க்க வருகிறவன் மலை மேல் கேமராவைத் தொலைப்பான். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை நிஜமாகவே துபாயில் இருக்கிறானா, திண்டிவனத்தில் இருக்கிறானா என்று பெண் வீட்டார் விசாரிப்பார்கள். பிழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் பூவுக்கு நோய் வந்ததற்குத் துப்பறியச் சொல்லி யாரும் வந்ததில்லை. மகாலட்சுமிதான் முதல் ஆள்.

வல்லம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே இறங்கினால் அவள் ஊர். முப்பது வயதிருக்கும். குத்தகை நிலத்தில், அந்தப் பக்கத்துப் பேச்சில் கொல்லையில், மஞ்சள் சாமந்தி போட்டிருந்தாள். சுறுசுறுப்பானவள், பேச ஆரம்பித்தால் கையும் சேர்ந்து பேசும்.

"நாலு மணிக்கு பூ விவசாயிங்க சங்கத்துல கூட்டம் வெச்சிருக்காங்க மேடம். என் கொல்லைய டிராக்டர் உட்டு ஓட்டணும்னு முடிவு பண்ணப் போறாங்களாம். அப்பால என் பூவ மார்க்கெட்டுக்குப் போற சங்கத்து வேன்லயும் ஏத்த மாட்டாங்களாம். வெளியூர் நாத்து வாங்கியாந்து ஊருக்கே நோய இட்டாந்துட்டேன்னு சொல்றாங்க. ஆயுத பூஜை வருது மேடம். இந்தப் பூவ நம்பித்தான் ஒரு வருஷமா முதுகு ஒடிஞ்சேன்."

"யார் சொல்றது?" என்றார் மேடம்.

"வேற யாரு? பக்கத்துக் கொல்லை சுமலதாக்காதான். என் பூ நல்லா வந்த நாள்ல இருந்து அவங்களுக்கு என்னைக் கண்டா ஆவறதில்ல. பொறாமை மேடம், பச்சைப் பொறாமை. அவங்கதான் இன்னாவோ கொண்டாந்து தெளிச்சிருக்காங்க. நீங்க கண்டுபுடிச்சுக் குடுங்க."

சாமி படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரில் வெள்ளைச் சாமந்தி ஒன்று காம்போடு கொழுகொழுவென்று நின்றது. "வீட்டுப் பூவுக்கு நோய் இல்ல போலிருக்குதே" என்றேன். "சாமிக்கு வெச்சதுங்க, டீ எடுத்துக்குங்க" என்று மகாலட்சுமி டம்ளர் தட்டை நீட்டினாள்.

அப்போதுதான் வாசலில் பைக் சத்தம். உள்ளே வந்தவன் அன்புச்செல்வன். தோட்டக்கலைத் துறையில் அலுவலர். நோய் பற்றிக் கேட்க மேடம்தான் வரச் சொல்லியிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். உயரம், இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை, கழுத்தில் தோல் உறை போட்ட மடக்கு லென்ஸ். தட்டில் கடைசியாக இருந்த டீயை மேடம் தன் கையாலேயே எடுத்து அவனுக்குக் கொடுத்தார். அது என் டீ. எனக்கு வயிறு எரிந்தது. டீ குடிக்காததால் மட்டும் இல்லை.

கொல்லைக்குப் போனோம். மேற்கே கோட்டையின் ராஜகிரி மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நிலத்தின் மேற்குப் பாதியில் வெளியூர் நாற்று. கிழக்குப் பாதியில் பழைய நாட்டு மஞ்சள் சாமந்தி. கிழக்கு வரப்பில் ஒரு வரிசை சூரியகாந்தி வேலி மாதிரி நின்றது. நோய் வடகிழக்கு மூலையில் மட்டும்.

அன்புச்செல்வன் ஓர் இலையைத் திருப்பினான். மேல்புறம் மஞ்சள் புள்ளி. அடிப்புறம் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். விரலால் தடவிக் காட்டினான். விரலில் பழைய இரும்புக் கேட்டைத் தொட்டது போலத் தூள் ஒட்டியது.

"துரு நோய் மேடம். இரும்புல புடிக்கிற துரு மாதிரியே இருக்கும், ஆனா இது பூஞ்சணம். காத்துல பறக்கும், துணியில ஒட்டும். கன்னுல இருந்தா அந்தக் கன்னு எங்க போவுதோ அங்கெல்லாம் கூடவே போவும். இன்னொண்ணு, இது உயிருள்ள செடியில மட்டும்தான் வளரும். அதனால செடிய லேசுல சாவ விடாது. உசுரோட வெச்சு உறிஞ்சிக்கினே இருக்கும்."

"வீட்டோட மாப்பிள்ளை மாதிரி" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.

"செடியை லேசில் சாக விடாது" என்று மேடம் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "சபாஷ், அன்புச்செல்வன்!"

என்ன சபாஷ்? பாடப் புத்தகத்தில் இருப்பதைச் சொன்னான். நான் மயிலம் கேஸில் மூன்று நாள் முருங்கை மரத்தில் உட்கார்ந்து வேவு பார்த்தேன். இறங்கும்போது மேடம் சொன்னது, "சட்டையை மாத்திக்கினு வா" என்பது மட்டும். நான் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். பார்த்ததில் ஒன்று கிடைத்தது. முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டில் பழுப்புத் தூள்.

"சார், கையில இன்னா பழுப்பா?"

"காலையில வல்லத்துல சூரியகாந்தி வயல்ல இருந்தேன். அங்கயும் துரு."

எனக்கு உள்ளுக்குள் வெடி வெடித்தது. "மேடம்! காத்துல பறக்கும், துணியில ஒட்டும்னு இவரே சொன்னாரு. வயல் வயலாப் போறவரு இவரு. சூரியகாந்தியும் சாமந்தியும் ஒரே குடும்பம்னு எட்டாவது படிக்கிற பையனுக்குத் தெரியும். நோய இட்டாந்தவரே இவருதான்!"

அன்புச்செல்வன் கோபப்பட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். சிரித்தான்.

"ஒரே குடும்பம்தான் பிரசாந்த். ஆனா சூரியகாந்தித் துரு சூரியகாந்தியில மட்டும்தான் ஏறும். சாமந்தித் துரு சாமந்தியில மட்டும்தான். பங்காளி வீட்டுல கை நனைக்காது."

"அது நீங்க சொல்றது."

மேடம் ஒன்றும் பேசாமல் கிழக்கு வரப்புக்குப் போனார். அங்கே ஒரு சூரியகாந்தி சாய்ந்து, நோய் பிடித்த சாமந்தியின் மேலேயே இலையைப் போட்டுக்கொண்டு கிடந்தது. மேடம் இரண்டு இலைகளையும் சேர்த்துப் பிடித்துத் திருப்பினார். சாமந்தி இலையில் அடி முழுக்கத் துரு. சூரியகாந்தி இலை பச்சைப் பசேலென்று இருந்தது.

"கொல்லையே சாட்சி சொல்லுது" என்றார் மேடம். "அன்புச்செல்வன், நீங்க எங்க ஆபீசுக்கு வந்துடலாம் போலிருக்கே."

நான் வானத்தைப் பார்த்தேன். மழை வருகிற மாதிரி இல்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவனுக்கு ஏதோ போன் வந்தது. லென்ஸைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே நடந்தான். நாலு மணிக் கூட்டத்துக்கு வந்துவிடுவதாகக் கையால் சொல்லிவிட்டு, அப்படியே பைக் ஏறிப் போய்விட்டான். லென்ஸ் வரப்பிலேயே கிடந்தது. கனமான பித்தளை விளிம்பு. மடக்கினால் டிக் என்று ஒரு சத்தம். எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். திருப்பிக் கொடுக்கத்தான். எப்போது என்று முடிவு செய்யவில்லை.

மேடம் நோய் பிடித்த இடத்தின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"பிரசாந்த், வெளியூர் நாத்துல நோய் இருக்கா?"

"ஒரு புள்ளிகூட இல்ல மேடம்."

"இந்த மூலையில மட்டும் வட்டமா இருக்கு. நடுவுல அதிகம், தள்ளிப் போகப் போகக் கம்மி. ஆனா நட்ட நடுவுல ஒரு செடிக்கு இடம் காலி." மகாலட்சுமியிடம் திரும்பினார். "இங்க இருந்த செடி எங்கம்மா?"

"அது... செத்துப் போச்சு மேடம். புடுங்கிப் போட்டுட்டேன்."

மேடம் தலையை ஆட்டினார். மேலே கேட்கவில்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. என் கை பையிலிருந்த லென்ஸை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மகாலட்சுமியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நடந்தோம். வாய்க்காலைத் தாண்டினால் சுமலதாவின் கொல்லை. மஞ்சளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு திடுக்கிடல்தான். அத்தனையும் வெள்ளை. மகாலட்சுமியின் நிலத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதை அந்த வெள்ளைக்கு ஓரமாகத்தான் போகிறது.

சுமலதா இடுப்பில் கூடையோடு நின்றாள். நாற்பத்தைந்து வயது, அகலமான முகம், எதையும் எடை போட்டே பார்க்கிற பார்வை. சொந்த நிலம், சங்கத்தில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

"டிடெக்டிவா? கொல குத்துக்கு வருவாங்க, பூவுக்குமா? நல்லா இருக்குதே கத!"

"பூ ரொம்ப அழகா இருக்குங்க. தலைக்கு ஒண்ணு குடுங்களேன்" என்றார் மேடம். மேடம் தலையில் பூ வைத்து நான் பார்த்ததில்லை.

"மார்க்கெட்டுக்குப் போற பூம்மா. கொல்லையில யாருக்கும் குடுக்கறதில்ல."

"ஒரு கன்னாவது?"

சுமலதாவின் முகம் கதவு சாத்தின மாதிரி ஆகிவிட்டது.

"கன்னா? என் கூடப் பொறந்தவளே வந்து நின்னா. இல்லைன்னு அனுப்பிட்டேன். இந்த வெள்ளை இந்தப் பக்கத்துல என் கொல்லையில மட்டும்தான் இருக்குது, என் கொல்லையில மட்டும்தான் இருக்கணும். கிள்ளிப் போட்ட தழையக்கூட கொளுத்திடுவேன். எவளாச்சும் எடுத்துக்கினு போயி நட்டுட்டான்னா?"

"மகாலட்சுமி பூவும் நல்லாத்தான் வந்திருந்துதாம்."

"வந்துச்சு. அவ கொஞ்ச நாளா இந்தப் பாதையில ராணி மாதிரி போனா. இப்ப இன்னா ஆச்சு? வெளியூர் நாத்துக்கு ஆசப்பட்டா இப்படித்தான். எங்க எல்லாரையும் கெடுக்காம இருந்தா போதும்."

சொல்லும்போது அவள் கண் மகாலட்சுமியின் மஞ்சளுக்குப் போய்விட்டு வந்தது. அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. காலையிலிருந்து நானும் அதைத்தான் ஒரு முழுக்கைச் சட்டை மேல் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்க, நான் குனிந்து பார்த்தேன். விசித்திரமாக இருந்தது. மேலே இலையும் பூவுமாகக் குடை பிடித்த மாதிரி செழிப்பு. முழங்காலுக்குக் கீழே இலையே இல்லை, வெறும் குச்சி. ஒரு செடி, இரண்டு செடி அல்ல, வரிசை முழுக்க. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் சாம்பல் குவியல். கிளறினேன். பாதி எரிந்த இலை ஒன்று சிக்கியது. திருப்பி லென்ஸை வைத்துப் பார்த்தேன். பழுப்புக் கொப்புளம்.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வந்ததும் அடக்க முடியாமல் சொன்னேன்.

"முடிஞ்சுது மேடம்! நோய் இவ கொல்லையிலதான் மொதல்ல வந்திருக்குது. அடி இலைய எல்லாம் கிள்ளிக் கிள்ளி எரிச்சிருக்கா. இலையே இல்லாத செடியில இலை நோய் எப்படித் தெரியும்? தனக்கு வந்த நோய் அடுத்தவளுக்கும் வரட்டும்னு, நாலு இலைய எடுத்து அந்த மூலையில போட்டிருக்கா. பொறாமை! சபாஷ்னு சொல்லுங்க."

"பாதி சரி" என்றார் மேடம். "நோயை மறைச்சது அவங்கதான். ஆனா அனுப்பலை."

"எப்படிச் சொல்றீங்க?"

"கூடப் பொறந்தவளுக்கே கன்னு குடுக்காதவ. கிள்ளிப் போட்ட தழையைக்கூட யாராவது நட்டுடுவாங்கன்னு எரிக்கிறவ. அவ தன் செடியில ஒரு துண்டை எடுத்துக்கினு போயி எதிரி கொல்லையில போடுவாளா? நோயைக் குடுக்கக்கூட அவளுக்கு மனசு வராது."

மேடம் நடந்துகொண்டே கேட்டார்.

"அந்த எரிஞ்ச இலையை எதை வெச்சுப் பார்த்தே?"

"லென்ஸ்ல மேடம்."

"யாரோட லென்ஸ்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"அன்புச்செல்வனைப் பார்த்தா உனக்குக் காலையில இருந்து எரியுது. அதுக்காக அவர் லென்ஸை உடைச்சியா? வாய்க்கால்ல வீசினியா?"

"இல்ல மேடம்."

"எடுத்துப் பாக்கெட்ல வெச்சிக்கினே. ஏன்?"

பொய் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். மேடத்திடம் அது நடக்காது. "நல்லா இருந்துது மேடம். அந்த மாதிரி ஒண்ணு எங்கிட்ட இல்ல."

"அவ்வளவுதான். பொறாமைப்படறவங்க கெடுக்கத்தான் பார்ப்பாங்கன்னு எல்லாரும் நினைக்கிறோம். அது அப்புறம். முதல்ல அதைத் தனக்குன்னு எடுத்துக்கத்தான் கை போகும்." மேடம் நின்றார். "இப்ப சொல்லு. காலையில மகாலட்சுமி வீட்டு சாமி படத்துக்கு முன்னால என்ன நிறத்துல பூ இருந்தது?"

"வெள்ளை" என்றேன்.

மகாலட்சுமி வீட்டுக்குப் பின்னால், குளிக்கிற மறைப்புக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு பழைய பெயிண்ட் டப்பா இருந்தது. மேலே ஈரச் சாக்கு. சாக்கை விலக்கினேன். வெள்ளைச் சாமந்திச் செடி. ஒரு காம்பு வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் முஷ்டி அளவுக்கு ஒரு மொட்டு விரிய ஆரம்பித்திருந்தது. அடியில் முட்டை ஓடும் டீத்தூள் சக்கையுமாக நல்ல கவனிப்பு. மேடம் ஓர் இலையைத் திருப்பினார். அடி முழுக்கத் துரு.

மகாலட்சுமி பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். அழவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"கேட்டேன் மேடம். ஒரே ஒரு கன்னு கேட்டேன். சிரிச்சாங்க. 'உனக்கெல்லாம் மஞ்சளே போதும்'னாங்க. தெனமும் அந்த வெள்ளையத் தாண்டித்தான் என் கொல்லைக்குப் போவணும். போவும்போதெல்லாம் நெஞ்சு எரியும். என் மஞ்சள் எவ்ளோ நல்லா வந்தாலும் கண்ணு அங்கதான் போவும். ஒருநாள் விடியக்காலம் யாருமில்ல. ஒரு கன்னக் கிள்ளியாந்து என் மூலையில மஞ்சளுக்கு நடுவுல வெச்சிட்டேன். திருடி நட்ட செடிதான் நல்லாப் புடிக்கும்னு எங்க ஊர்ல எல்லாரும் சொல்வாங்க. எங்கம்மா துளசியக்கூட அடுத்த வீட்ல கேக்காமத்தான் ஒடிச்சாருவாங்க. அதுவும் புடிச்சுது மேடம். அவங்க கொல்லையில இருக்கறதவிட நல்லாப் புடிச்சுது."

"செத்துப் போச்சுன்னு சொன்னே, ஆனா இந்த நோய் செடியை லேசுல சாக விடாது. சங்கத்துல இருந்து பார்க்க வராங்கன்னு தெரிஞ்சதும் பிடுங்கிட்டே."

"வெள்ளையப் பாத்தா திருடின்னு தெரிஞ்சிடுமே. தூக்கிப் போட மனசு வரல, மொட்டு விட்டிருந்துது." சட்டென்று நிமிர்ந்தாள். திருப்பிப் பிடித்த இலையை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். "மேடம்... அப்போ நோய் இந்தக் கன்னுலயா வந்துச்சு? என் கொல்லைக்கு நானேவா கொண்டாந்து வெச்சேன்?"

மேடம் இலையை விட்டுவிட்டு அவள் தோளில் கை வைத்தார். இப்போதுதான் மகாலட்சுமி அழுதாள்.

"அவங்கள எவ்ளோ திட்டினேன்" என்றாள். "அவங்கதான் இன்னாவோ தெளிச்சாங்கன்னு ஊரெல்லாம் சொன்னேன்."

"இப்ப கேளு" என்றார் மேடம். குரல் கறாராக இருந்தாலும் தோளில் கை வைத்திருந்தார். "நோய் வெளியூர் நாத்துல வரலை, சுமலதா கொல்லையில இருந்து வந்ததுன்னு காட்ட இந்த ஒரு செடிதான் இருக்கு. இதைக் காட்டினா, எப்படி உங்கிட்ட வந்ததுன்னு கேப்பாங்க. நீ எங்க கட்சிக்காரி. நீ சொல்லாம நாங்க வாய் திறக்க மாட்டோம்."

"சொன்னா திருடி. சொல்லலன்னா ஊருக்கு நோய இட்டாந்தவ. கொல்லையும் போச்சு, வேனும் போச்சு."

"ஆமாம்" என்றார் மேடம். வேறென்ன சொல்வது.

நாலு மணிக்கு சங்கத்தின் தகரக் கொட்டகையில் ஊரே இருந்தது. பூ எடை போடுகிற தராசுக்குப் பக்கத்தில் தலைவர் கலியபெருமாள், தோளில் துண்டு. வெளியே டிராக்டர் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. அன்புச்செல்வன் கழுத்தைத் தடவிக்கொண்டே யார் யாரிடமோ எதையோ விசாரித்துக்கொண்டிருந்தான். நான் அவன் பார்வைக்குத் தப்பித் தூணுக்குப் பின்னால் நின்றேன். முன் வரிசையில் சுமலதா, கை கட்டிக்கொண்டு.

மகாலட்சுமி வரவில்லை.

"இன்னும் எவ்ளோ நேரம் பாக்கறது?" என்று கலியபெருமாள் தொண்டையைச் செருமினார். "வரலன்னா வரல. எல்லாரும் கை தூக்கினா—"

"வந்துட்டேன் மாமா."

வாசலில் மகாலட்சுமி. இடுப்பில் பெயிண்ட் டப்பா. கூட்டம் விலகி வழி விட்டது. தராசுக்குப் பக்கத்தில் டப்பாவை இறக்கிவிட்டு நின்றாள். மொட்டு வழியிலேயே இன்னும் கொஞ்சம் விரிந்திருந்தது.

"என் கொல்லைக்கு நோய் வெளியூர் நாத்துல வரல மாமா. இந்தச் செடியிலதான் வந்துச்சு."

அவள் மேலே பேசுவதற்குள் சுமலதா எழுந்துவிட்டாள்.

"இது என் செடி!" தகரக் கூரை அதிர்ந்தது. "அடிப்பாவி! இது என் வெள்ளை! திருடிக்கினு போயிருக்கா, பாத்தீங்களா, எல்லாரும் பாத்துக்குங்க!"

மேடம் தணிந்த குரலில் கேட்டார். "உங்களுதுன்னு எப்படிங்க சொல்றீங்க? வெள்ளைச் சாமந்தி வேற யார்கிட்டயாவது இருக்கலாமே."

அந்த இடத்தில் சுமலதா ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். "யார் கண்டா, எங்கேயாவது வாங்கியிருப்பா" என்று உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு டிராக்டர் மகாலட்சுமி நிலத்தில்தான் இறங்கியிருக்கும். ஆனால் அவளால் முடியாது. வேறு ஒருத்தியிடமும் அது இருக்கிறது என்று வாயால் ஒப்புக்கொள்வது அவளால் முடியவே முடியாது.

"எவகிட்டயும் கெடையாது! இந்தச் சுத்துப்பட்டுல என்கிட்ட மட்டும்தான் இருக்குது! என் கொல்லைச் செடிதான் இது. அங்காளம்மா மேல சத்தியம்!"

"சரிங்க" என்றார் மேடம். "தலைவர் ஐயா, அந்த இலையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க."

கலியபெருமாள் குனிந்து திருப்பினார். விரலால் தடவினார். விரலைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். பழுப்பாக இருந்தது.

நான் தூணை விட்டு வெளியே வந்து, பாதி எரிந்த இலையைத் தராசுத் தட்டில் வைத்தேன். "இது சுமலதாம்மா சாம்பல் மேட்டுல கெடச்சது. அவங்க செடியில அடி இலை ஒண்ணுகூட இல்ல, போயிப் பாக்கலாம்." பிறகு, வேறு வழியில்லாமல், லென்ஸை அன்புச்செல்வனிடம் நீட்டினேன். "நல்லாத் தெரியறதுக்கு இத வெச்சுப் பாருங்க சார்."

"என் லென்ஸ்! எங்க கெடச்சுது?"

"தடயம் சார். பத்திரமா வெச்சிருந்தேன்."

அவன் இரண்டு இலைகளையும் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே துருதான்" என்றான்.

"சுமலதா" என்றார் கலியபெருமாள். "உனக்கு எப்பவோ வந்திருக்குது. வாயத் தொறந்து சொல்லியிருந்தா எல்லாரும் மருந்து அடிச்சிருப்போமே. அந்தப் பொண்ணு கொல்லைய ஓட்டச் சொன்னதே நீதானம்மா?"

சுமலதா தரையைப் பார்த்தாள். "என் பூவுக்கு நோய்னு தெரிஞ்சா எல்லாரும் சிரிப்பாங்கன்னு..." என்று முனகினாள்.

"நான் திருடினேன்க்கா" என்றாள் மகாலட்சுமி. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "நீ குடுக்கல, அதுக்காக நான் எடுத்தது நாயம்னு சொல்ல வரல. ஆசை தாங்கல, எடுத்துட்டேன். நீ நோயத் தெளிச்சேன்னு உன் மேல பழி சொன்னதும் தப்புதான்."

கூட்டத்தில் யாரோ "திருடி" என்றார்கள். யாரோ அவரை அடக்கினார்கள். கலியபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டார். "யாரு கொல்லையும் ஓட்ட வேணாம். சார் சொல்ற மருந்த ரெண்டு பேரும் அடிங்க, நோய் இலைய எல்லாம் ஒரே எடத்துல கொளுத்துங்க. நாளைக்கு எல்லார் கொல்லையும் பாக்கணும், என்னுதும் சேத்து. ரெண்டு பேர் பூவும் வேன்ல வரும். திருட்டுப் பத்தி, அந்தச் செடிக்குச் சொந்தக்காரி இன்னா சொல்றாளோ அதுதான்."

எல்லார் கண்ணும் சுமலதா மேல் திரும்பியது. அவள் கண் டப்பாவிலேயே இருந்தது. வெளியே டிராக்டர் வந்த வழியே திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. மகாலட்சுமி தராசுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் கலைந்தது. அன்புச்செல்வன் லென்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனான். மேடம் என் பக்கம் திரும்பினார். சபாஷ் வரப் போகிறது என்று நிமிர்ந்து நின்றேன்.

"வண்டியை எடு" என்றார்.

சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். ஆளில்லாத கொட்டகையில் சுமலதா டப்பாவுக்கு முன்னால் குந்தியிருந்தாள். செடியைப் பிடுங்கி எறியப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அந்த மொட்டைக் கையில் ஏந்தி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் எரிந்ததை நான் எங்கே வேண்டுமானாலும் அடையாளம் சொல்வேன்.

"என் கொல்லையில ஒண்ணுகூட இவ்ளோ பெருசா வந்ததில்லையேடி" என்றாள். "இதுக்கு இன்னா போட்டே?"

மகாலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். முட்டை ஓடு, டீத்தூள் சக்கை. எனக்கே தெரியும்.

அவள் சொல்லவில்லை.